நாட்டார் பாடலும் மின்கிற்றாரும்

நாட்டார் பாடலைக் கிற்றாருடன் பாடுவது மரபைக் கெடுக்கும் என்பாரும், கேட்க இனிதாயிற் போதும் என்பாரும் நம்மிடையே உளர். வாத்தியம் பாட்டின் சொல்லுக்கு இடங்கொடுக்கின்றதா என்பதை இரு சாராரும் ஆராய்வதில்லை.

1965 யூலை 25ஆம் நாள், அமெரிக்காவின் நியூபோட் நாட்டார் இசைவிழாவிலே பொப் டிலன் மின்கிற்றாருடன் மேடையேறியபோது அவையிற் பலர் கூச்சலிட்டனர். எனினும் நாட்டார் றொக் என்னும் இசைவகை வேரூன்றிவிட்டது. அதனைப் பயில விரும்பும் மாணவர் முதலிற் கேட்கத்தக்க இசைத்தட்டு, இங்கிலாந்தின் 'பெயர்போட் கொன்வென்ஷன்' குழுவினர் 1969இல் வெளியிட்ட 'லீஜ் அன்ட் லீப்' என்பது நம் கருத்து. அதிலுள்ள 'மற்றி குரோவ்ஸ்' 17ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய கதைப்பாடல், கொலையில் முடிவது. சான்டி டெனி அதனை அழுது பாடவில்லை. அயலூரில் நடந்ததொன்றை எடுத்துரைப்பார் போலப் பாடுகின்றார். மின்கிற்றாரும் வயலினும் நெடுநேரம் ஒன்றையொன்று துரத்தி வாசிப்பது கதை முடிந்த பின்னரேயாம். இவ்வடக்கம் நம் கூத்து அண்ணாவிமார் அறிந்ததே. பாட்டுக்கு மத்தளம் அடங்கும், ஆட்டத்துக்கு முழங்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' பொப்பிசை எனப் பெயர் பெற்றமையாற் கற்றோர் சிலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. மாமியும் மருமகனும் வினாவும் விடையுமாகப் பேசும் அப்பாட்டில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு வீட்டுப் பேச்சாகவே நிற்கின்றது. கிற்றாரை நீக்கிக் கைதட்டிப் பாடினும் பாட்டுக் குறையாது. 'சுராங்கனி' புகழ் ஏ. ஈ. மனோகரனிடத்து உற்சாகம் மிகுதி, சொற்சுவை குறைவு என்போம். மறுப்போர் பலர் இருப்பர்.

நம் வடமராட்சிக் கரைகளிலோ, இவ்வாறு இசைக்கத்தக்க செல்வம் ஒன்று உண்டு. கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடலே அது. ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி ஒருசேர இழுப்பர். அதன் தாளம் கயிற்றிலே பிறந்தது. பின்னாளிற் பல கரைகளில் உழவு இயந்திரம் வலையை இழுக்கலாயிற்று. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டுவதில்லை. பாடியவர்களும் முதுமையடைந்துவிட்டனர்.

நம் மாணவர் பலர் கிற்றார் பயில்வது மகிழ்ச்சிக்குரியது. அம்பாவை அதில் இசைக்க விரும்புவோர், முதியவர் ஒருவரிடம் சென்று, எச்சொல்லிற் கை இழுக்கும், எச்சொல்லில் மூச்சு ஆறும் என்று கேட்டு முதலிற் குறித்துக்கொள்க. மேளம் எங்கே விழவேண்டும் என்பது அதன்பின் தெரியவரும்.