நொடிக்கு எட்டுப் படம்

அனிமே பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கோட் எழுதத் தொடங்கினேன். வேலைக்காகப் பகலில் எழுதுவது வேறு. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்காக எழுதுவது வேறு. எனக்காக எழுதுவதில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிடித்த ஒரு காட்சி, அதைப் பற்றி ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு ஒரு சின்ன புரோகிராம். ‘அனிமேஷன் மென்பொருள் செய்யப் போகிறேன்’ என்று கிளம்பினால் மெனுவும் பட்டனும் அமைப்பதிலேயே ஆர்வம் வற்றிவிடும். ‘அந்தப் பெண் திரும்பும்போது தலைமுடி ஏன் நின்று நின்று அசைகிறது?’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அன்றிரவே திரையில் ஏதாவது அசையும்.

கேள்வி கிடைக்க வேண்டுமானால் படத்தை ஒவ்வொரு பிரேமாகப் பார்க்கப் பழக வேண்டும். வி.எல்.சி. பிளேயரில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ஒரு பிரேம் மட்டும் நகரும். அழுத்திக்கொண்டே வந்து, ஓவியம் எங்கே மாறுகிறது என்று எண்ணுங்கள். படம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம். ஆனால் பாத்திரத்துக்கு 24 ஓவியம் இருப்பது அபூர்வம். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கோ மூன்று பிரேமுக்கோ நிறுத்திவைத்திருப்பார்கள். மூன்று என்றால் நொடிக்கு எட்டே ஓவியங்கள். ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் தயாரித்த ‘அஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டும், கையில் பணம் குறைவு. குறைந்த ஓவியங்களை வைத்துக் கதை சொல்லும் முறை அந்த நெருக்கடியில்தான் ஜப்பானில் வேரூன்றியது. இன்று அதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு முகபாவம் மூன்று பிரேம் நிற்பதால்தான் அது கண்ணில் பதிகிறது.

கோடில் இதைக் கொண்டுவர ஒரு வரி போதும். ஓடும் நேரத்தை எட்டால் பெருக்குங்கள், தசமத்தை வெட்டுங்கள், மறுபடி எட்டால் வகுங்கள். கை, கால், முடி எல்லாம் அந்த வெட்டிய நேரத்தைக் கேட்டு அசையட்டும். பிரேம்களை எண்ணி இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. 60 எட்டால் மிச்சமின்றி வகுபடாது, அசைவு தடுமாறும். கடிகாரத்தைக் கேட்டால் எந்தத் திரையிலும் ஒரே தாளம்தான். இன்னொன்று: கேமராவின் நேரத்தை வெட்டாதீர்கள். அனிமேயில் பின்னணி வழுக்கிக்கொண்டு போகும், அதன்மேல் பாத்திரம் மட்டும் விட்டுவிட்டு அசையும். இரண்டு நேரங்களையும் தனித்தனி மாறிகளாக வைத்த அன்றுதான் என் பொம்மை முதன்முதலாக அனிமே பாத்திரம் போலத் தெரிந்தது.

அதே வெட்டிய நேரத்தை ரேண்டம் எண்களுக்கான விதை எண்ணாகவும் கொடுத்துப் பாருங்கள். கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு எட்டு முறை இம்மியளவு இடம் மாறும். கையால் திரும்பத் திரும்ப வரைந்த கோட்டின் துடிப்பு வந்துவிடும். விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே சேமித்துவையுங்கள். பிடித்த படத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம்.

முப்பரிமாணத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் 2014இல் வெளியிட்ட ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’ சண்டை விளையாட்டைப் பார்க்க வேண்டும். முழுக்க முப்பரிமாண மாடல்கள். ஆனாலும் கையால் வரைந்தது என்றே கண் நம்புகிறது. அதன் கலைஞர் ஜுன்யா மோட்டோமுரா 2015இல் ஜிடிசி மாநாட்டில் அந்த ரகசியத்தை விரிவாகவே சொன்னார். இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ள அசைவைக் கணினி நிரப்ப விடவில்லை. நிற்கும் ஒவ்வொரு நிலையையும் மனிதர்களே அமைத்தார்கள். ஒளி எங்கே நின்று நிழல் எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் மாடலின் மேற்பரப்புத் திசைகளைக் கையால் திருத்தித் தீர்மானித்தார்கள்.

இப்படி வெளிச்சத்தையும் நிழலையும் தெளிவாகப் பிரிக்கும் செல் ஷேடிங்கை எழுதுவது சுலபம். மேற்பரப்பின் திசைக்கும் ஒளியின் திசைக்கும் டாட் புராடக்ட் எடுங்கள். ஓர் எல்லைக்கு மேலே போனால் வெளிச்ச நிறம், கீழே இருந்தால் நிழல் நிறம். சுற்றுக்கோட்டுக்கு அதே மாடலைக் கொஞ்சம் உப்பவைத்து, அதன் பின்பக்க முகங்களை மட்டும் கறுப்பில் வரையுங்கள். வேலை இருப்பது நிறத்தில்தான். என் தங்கை ஓவியம் கற்றவள். ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தவள், “அண்ணா, நிழல்னா கறுப்பக் கலக்கணும்னு யாரு சொன்னா? தோலுக்கு நிழல் செவப்புப் பக்கம் போகணும், வெள்ளைச் சட்டைக்கு ஊதாப் பக்கம் போகணும்” என்றாள். வெளிச்ச நிறத்தை ஒரு எண்ணால் பெருக்கி நிழல் செய்வதை அன்றோடு விட்டேன். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிறம், இரண்டையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன்.

காற்றில் விழும் செர்ரிப் பூவிதழ்களை எழுதிப் பார்க்க ஆசைப்படாத அனிமே ரசிகர் உண்டா? இங்கே வெறும் ரேண்டம் உதவாது. இதழ்கள் நடுங்கும், மிதக்காது. கென் பெர்லின் 1982இல் வந்த ‘ட்ரான்’ படத்துக்கு வேலை செய்தவர். கணினிப் படங்களின் இயந்திரத்தனம் பிடிக்காமல் அவர் உருவாக்கியதுதான் பெர்லின் நாய்ஸ். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மதிப்பு தருவது அதன் குணம். எல்லா இதழ்களையும் ஒரே நாய்ஸ் பரப்பில், அவையவை இருக்கும் இடத்தின் மதிப்பைப் படிக்க விடுங்கள். அந்தப் பரப்பை மெல்ல நகர்த்துங்கள். ஒரு காற்று இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கடந்துபோவது தெரியும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்துக்கு பி5.ஜேஎஸ் போதும், பிரௌசரிலேயே ஓடும். வரைய கிரீட்டா இருக்கிறது. ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளே 2016 முதல் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது.

தனி ஆளாக எவ்வளவு தூரம் போகலாம் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் நான் மகோட்டோ ஷின்காயின் ‘வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’ படத்தைப் போட்டுப் பார்ப்பேன். 2002இல் வெளியான 25 நிமிடப் படம். விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தவர், அதை விட்டுவிட்டு வீட்டுக் கணினியில் பெரும்பாலும் தானே செய்தது. எதை அசைக்காமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். காலி வகுப்பறை, மேகம், கைபேசித் திரையில் ஒரு குறுஞ்செய்தி. அசைவே இல்லாத காட்சிகளில் ஒளியையும் குரலையும் நம்பியிருக்கிறார். என் புரோகிராம்களிலும் இப்போது முதலில் எழுதுவது அசையாதவற்றின் பட்டியலைத்தான். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் வேலை முடிகிறது.

எல்லா எண்களுக்கும் ஒரு ஸ்லைடர் வைத்துவிடுங்கள்: நிழலின் எல்லை, நிழலின் நிறம், காற்றின் வேகம், நொடிக்கு எத்தனை ஓவியம். கோட் தெரியாத, ஆனால் கண் தேர்ந்த ஒருவரை உட்காரவைத்து நகர்த்தச் சொல்லுங்கள். பூவிதழ்க் காட்சியை என் தங்கையிடம் கொடுத்தேன். அவள் எட்டை ஆறாகக் குறைத்தாள், காற்றைப் பாதியாக்கினாள், நிழலை ஊதாவுக்கு நகர்த்தினாள். அந்த மூன்று எண்களையும் அப்படியே சேமித்துக்கொண்டேன்.