பழுதான டீ.வீ.டி. பெட்டியிலிருந்து ஓடுகிற வண்டு



நம்ம லயங்களில் எந்தக் காம்பராவுக்குள் போனாலும் கட்டிலுக்கு அடியிலோ அலுமாரிக்கு மேலோ ஒரு பழுதான பெட்டி இருக்கத்தான் செய்யும். ரேடியோ கெசட், டீ.வீ.டி. பிளேயர், கம்பியூட்டர் மவுஸ், சார்ஜ் ஏறாத டோர்ச் லைட் என்று ஏதாவது ஒன்று. ஏப்ரல் மாதத்து இடியில் போனது பாதி, பிள்ளைகள் கீழே போட்டது பாதி. "திருத்தக் குடுத்தா புதுசு வாங்குற காசு கேக்குறாங்க" என்று அப்படியே கிடக்கும். பிறகு ஒரு நாள் பழைய இரும்பு லொறி வரும். நிறுத்துப் பார்த்து, கிலோ கணக்கில் கையில் கொஞ்சம் காசு தருவார்கள்.

ஒரு தோட்டத்தில் அப்படி லொறி வந்து நின்ற நேரம் நாமும் அங்கே இருந்தோம். ஒன்பதாம் தரத்தில் படிக்கிற பையன் ஒருவன் இஸ்தோப்பிலிருந்து ஓடி வந்தான். "அப்பா, அத மட்டும் குடுத்துடாதீங்க. உள்ளுக்கு மோட்டர் இருக்கு" என்றான். அப்பா சிரித்தார். "செத்துப்போன பெட்டியில என்னடா மோட்டர்?"

பையன் சொன்னதுதான் சரி. பெட்டி ஓடவில்லை என்றால் உள்ளே இருக்கிற எல்லாமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஏதோ ஓர் உறுப்புத்தான் பழுதாகியிருக்கும். இடியில் போன டீ.வீ.டி. பெட்டியில் கரண்ட் வாங்குகிற பலகை கருகியிருக்கும்; தட்டை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிற மோட்டருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அந்த மோட்டரை எடுப்பது எப்படி, எதைத் தொடவே கூடாது, எடுத்ததை வைத்துச் சுவரில் முட்டினால் தானாகவே திரும்பிப் போகிற ஒரு சின்ன ரோபோ வண்டைச் செய்வது எப்படி என்று இந்த முறை படிப்போம்.

ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற இரும்பு மனிதனை நினைக்க வேண்டாம். 1948, 1949 காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர், ஆமை போல ஊர்ந்து போகிற இரண்டு யந்திரங்களைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயரும் வைத்தார். அவற்றின் மூளை என்று சொல்லக்கூடியது பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டே இரண்டு வால்வுகள்தான். வெளிச்சத்தைப் பார்க்க ஒரு கண், முட்டினால் தெரிந்துகொள்ள ஒரு தொடுகை, இரண்டு மோட்டர், பற்றரி. பல்சில்லுகளைப் பழைய மணிக்கூடுகளிலிருந்தும் காஸ் மீற்றர்களிலிருந்தும் கழற்றிப் போட்டார். யுத்தம் முடிந்து அங்கேயும் சாமான்களுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. மேசைக்காலில் முட்டினால் அந்த ஆமை விலகி வேறு பக்கம் போகும். 1951இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் சனங்கள் அதைப் பார்த்தார்கள். பிற்காலத்தில், 1990களில், மார்க் டில்டன் என்பவர் உடைந்த வோக்மன், கல்குலேட்டர் போன்றவற்றின் சாமான்களைக் கொண்டே பூச்சி மாதிரி நடக்கிற ரோபோக்களைச் செய்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் பல இளைஞர்களை இந்த வேலைக்கு இழுத்தார்.

இனி, ஸ்குரு டிரைவரைக் கையில் எடுக்குமுன் அப்பா அம்மாமார் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேணும்.

பின்பக்கம் பெருத்த பழைய டீ.வி.யைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. "வயரைத்தான் கழட்டியாச்சே" என்று நினைப்பதுதான் பிழை. கலர் டீ.வி. ஓடும்போது அதன் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பிறகும் குழாய் அந்த மின்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, குழாய்க்குள் காற்று கிடையாது. அடிபட்டு உடைந்தால் கண்ணாடி உள்ளுக்கு இழுபட்டுச் சிதறி வெளியே அடிக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கிறது. குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கிற செம்புக் கம்பிக்காகப் பிள்ளைகள் கல்லால் அடித்து உடைத்த குழாய் ஒன்றை ஒரு லயத்தின் கானுக்குள் பார்த்தோம். கிடைத்த செம்பு ஒரு கைப்பிடி. அந்தக் கானருகில்தான் பெண்கள் வெறுங்காலோடு நின்று சட்டி கழுவுகிறார்கள்.

மைக்ரோவேவ் அடுப்பும் அதே மாதிரி ஆபத்தானது. அதற்குள் 2,000 வோல்ட்டுக்கு மேலும் தேங்கும். பிளாஷ் உள்ள பழைய கெமராவில் பற்றரியை எடுத்த பிறகும் ஏறத்தாழ 300 வோல்ட் நிற்கும். ஊதிப்போன போன் பற்றரியைக் குத்தவோ வளைக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். டியூப் பல்பிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. செம்புக்காக வயரைக் கொளுத்துகிற பழக்கத்தை விடச் சொல்லி எத்தனையோ தரம் எழுதிவிட்டோம். மேலுறை எரிகிற புகை நெஞ்சுக்குக் கெடுதி, சாம்பலும் கெடுதி. பிளேட்டால் உரித்தாலும் அதே செம்புதானே வரும்?

டீ.வீ.டி. பெட்டியையும் கரண்டிலிருந்து கழற்றி ஒரு முழு நாள் அப்படியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேணும். காரணம் இதுதான். நம்ம வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். பெட்டிக்குள் அது நேர் மின்னாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு வருகிறது. வயர் வந்து சேருகிற பலகையில் குட்டை உருளையாக ஒன்று நிற்கும். கடையில் அதைக் கண்டென்சர் என்பார்கள், பாடசாலைப் புத்தகத்தில் கொள்ளளவி. இந்த 325 வோல்ட்டைத் தேக்கி வைப்பது அதுதான். ஒரு நாள் வைத்தாலும் அந்தப் பலகையை மட்டும் தொட வேண்டாம். நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

மேல்மூடியைக் கழற்றியதும் நடுவில் தட்டு போய் வருகிற பொறி தெரியும். அதற்கு வருகிற பட்டை வயர்களை இழுத்துக் கழற்றி, நாலு ஸ்குருவை எடுத்தால் பொறி முழுதாகக் கைக்கு வந்துவிடும். ஸ்குருக்களை ஜேம் போத்தல் மூடியில் போட்டு வையுங்கள். இந்தப் பொறியில் பொதுவாக மூன்று மோட்டர்கள் இருக்கும். ஒன்று தட்டை இழுப்பது. ரப்பர் பட்டியும் பல்சில்லும் அதோடு இருக்கும். ஒன்று தட்டைச் சுழற்றுவது. மற்றது கண்ணாடிக் கண்ணை முன்னும் பின்னும் நகர்த்துவது. அந்தக் கண்ணாடிக் கண்ணுக்குள் இருப்பது லேசர். அதைப் பற்றரியில் கொளுவி விளையாட வேண்டாம். சீ.டி. வாசிக்கிற லேசர் வெளிச்சம் நமக்குச் சரியாகத் தெரியாது, ஆனாலும் கண்ணைக் கெடுத்துவிடும்.

மோட்டரைச் சோதிப்பது சுலபம். ஒரு டோர்ச் பற்றரியின் இரண்டு முனைகளையும் வயரால் மோட்டரின் இரண்டு கால்களில் தொடுங்கள். சுற்றினால் நல்லது. இப்போது வயர்களை மாற்றித் தொடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்ற வேணும். நம்ம வண்டு சுவரிலிருந்து திரும்புவதே இந்த எதிர்ச்சுற்றால்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியோ கெசட்டிலிருந்து எடுத்த மோட்டர் பார்க்க நல்ல கனமாக, அழகாக இருக்கும். அனேகமானவை ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். பாட்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டுமென்பதற்காக வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு சின்னப் பலகையை அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். மாற்றித் தொட்டால் அது வேலை செய்யாது. முதலில் சொன்ன பையன் ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டிவிட்டு, மோட்டர் பழுது என்று எறிந்துவிட்டான். அது பழுதில்லை, காற்றாடி செய்ய நல்ல மோட்டர்! வண்டுக்குத்தான் ஆகாது. கெசட்டில் உள்ள ரப்பர் பட்டியையும் சில்லுகளையும் எடுத்து வையுங்கள், வேறு வேலைக்கு உதவும்.

வண்டுக்கு ஒரே மாதிரியான இரண்டு மோட்டர் வேணும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடினால் வண்டு வட்டம் போடும். ஆகவே பக்கத்துக் காம்பராவிலும் ஒரு பழைய பெட்டி கேட்டு வாங்கி, இரண்டிலுமிருந்து தட்டு இழுக்கிற மோட்டரையே எடுப்பது நல்லது.

அடுத்தது மீசைக்குச் சுவிட்ச். பழுதான மவுஸைத் திறந்தால் விரலால் அமுக்குகிற இடத்துக்குக் கீழே மூன்று கால் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டிகள் இருக்கும். "டிக்" என்று சத்தம் போடுவது அதுதான். ஒரு மவுஸில் இரண்டாவது கிடைக்கும். அதைப் பலகையிலிருந்து எடுக்கச் சோல்டரிங் அயன் வேணும். வீட்டில் இல்லாவிட்டால் டவுனில் ரேடியோ திருத்துகிற கடையில் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. வீட்டில் செய்வதென்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேணும், சன்னல் திறந்திருக்க வேணும். பழைய பலகைகளில் உள்ள பற்றாசில் ஈயம் இருக்கிறது. சாப்பிடுகிற மேசையில் செய்யாதீர்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கைப்பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அந்தப் பக்கம் வேண்டாம்.

சுவிட்சின் மூன்று கால்களில் எது எது என்று கண்டுபிடிக்க ஒரு பற்றரியும் டோர்ச் பல்பும் போதும். அமுக்காமல் இருக்கும்போது எந்த இரண்டு கால்களுக்கு நடுவில் பல்ப் எரிகிறது என்று பாருங்கள். பிறகு அமுக்கிக்கொண்டு பாருங்கள். வேறொரு சோடி எரியும். இரண்டு சோடியிலும் வருகிற கால்தான் தலைக்கால். மற்ற இரண்டில் ஒன்று சும்மா கால், மற்றது அமுக்குக் கால். பேனாவால் அடையாளம் போடுங்கள். இந்தப் பெயர்கள் நாம் வைத்தவை, கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

உடம்புக்கு மாஜரின் டப்பா மூடி போதும். இரண்டு மோட்டர்களையும் இரு பக்கமும் சரித்து ஒட்டுங்கள், அச்சின் நுனி தரையில் படும்படி. அச்சு வழுக்காமலிருக்க சைக்கிள் வால்வுக்குள் வருகிற மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு துண்டு மாட்டுங்கள். வேறு சில்லு வேண்டாம். பின்னால் ஒரு பாசிமணியை ஒட்டினால் அது மூன்றாவது கால். பற்றரிகளின் பாரம் மோட்டர்களுக்கு மேலேயே விழ வேணும். சீமெந்துத் தரையில் நன்றாக ஓடும், மண் வாசலில் ஓடாது.

மவுஸ் சுவிட்சின் பொத்தான் மிகச் சின்னது. வெறும் ஈர்க்கு பட்டால் அமுங்காது. ஷாம்பூ போத்தல் பிளாஸ்டிக்கில் விரல் அகலத் துண்டு வெட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டி, நடுப்பகுதி பொத்தானுக்கு மேல் படும்படி விடுங்கள். மறு முனையில் ஈர்க்கை ஒட்டினால் மீசை தயார். பொறுமையைச் சோதிக்கிற இடம் இதுதான். நாம் செய்து பார்த்தபோது நாலாவது தரம்தான் சரி வந்தது.

இனி வயர். நாலு டோர்ச் பற்றரிகளை வரிசையாகத் தொடுத்து, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலிருந்து ஒரு வயர் எடுங்கள். இது நடு வயர். இரண்டு மோட்டரிலும் ஒவ்வொரு காலை நடு வயரில் சேருங்கள். வலது மோட்டரின் மற்றக் காலை இடது மீசைச் சுவிட்சின் தலைக்காலில் சேருங்கள். இடது மோட்டரை வலது மீசைச் சுவிட்சில். மாறி மாறி, கவனம்! பிறகு சும்மா கால் இரண்டையும் பற்றரி வரிசையின் கூட்டல் முனைக்கும், அமுக்குக் கால் இரண்டையும் கழித்தல் முனைக்கும் கொடுங்கள். நிறுத்தி ஓட விட நடு வயரில் ஒரு சுவிட்ச் வைக்கலாம்.

நடப்பது இதுதான். மீசை எதிலும் படாத வரை கூட்டல் பக்கத்து இரண்டு பற்றரிகள் 3 வோல்ட் கொடுக்கும், வண்டு முன்னால் ஓடும். இடது மீசை சுவரில் பட்டால் வலது மோட்டருக்கு மட்டும் கழித்தல் பக்கத்து 3 வோல்ட் எதிராகப் போகும். வலது பக்கம் பின்னுக்குப் போக, இடது பக்கம் முன்னுக்குப் போக, வண்டு சுவரை விட்டு வலப்பக்கம் திரும்பும். மீசை விடுபட்டதும் மறுபடி நேரே ஓடும். எந்தச் சிப்பும் இல்லை, புரோகிராமும் இல்லை.

முதல் ஓட்டத்திலேயே சரியாக ஓடினால் அதிர்ஷ்டம். ஒரே இடத்தில் சுற்றினால் ஒரு மோட்டர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது; அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். சுவரை நோக்கியே திரும்பி முட்டினால் மீசைகளை மாறிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் வேகம் குறைந்தால் நாலு பற்றரியையும் எறிந்துவிடாதீர்கள். கூட்டல் பக்கத்து இரண்டும்தான் தேய்ந்திருக்கும், மற்ற இரண்டும் அனேகமாகப் புதிதாகவே இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் அதே அளவு இன்னும் ஓடும்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடத்துறை 2013இல் ஆரம்பிக்கப்பட்டது. புத்தகத்தில் மோட்டர் படம் இருக்கு, கையில் பிடிச்சுப் பாக்க ஒண்ணும் இல்லை என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாசிகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ ஒரு பெட்டி வைத்து, லயத்து மக்கள் பழுதான பிளேயரையும் மவுஸையும் அதில் போட்டால், பத்துப் பிள்ளைகள் பிரித்துப் படிக்கலாம். திறக்கக் கூடாதவற்றை அந்தப் பெட்டிக்குள் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பொறுப்பு எடுக்க வேணும்.

"சாமான எடுத்துட்டா லொறிக்காரர் வாங்க மாட்டாரே" என்று ஒரு அக்கா கேட்டார். வாங்குவார். மோட்டர் இரண்டையும் எடுத்ததால் குறைகிற நிறை, நூறு கிராம் தேயிலைப் பக்கெட்டின் பாரம் கூட வராது. மிச்சத்தை உரப்பையில் கட்டி, மழை படாமல் லொறி வரும் வரை வையுங்கள். கானிலும் நெருப்பிலும் போட வேண்டாம். அந்தப் பையனின் அப்பா அடுத்த தரம் லொறி வந்தபோது அப்படித்தான் கொடுத்தார். தராசு முள்ளைப் பார்த்துவிட்டு லொறிக்காரர் வழக்கமான காசைத்தான் எண்ணிக் கொடுத்தார்.