நண்பருக்குப் புத்தகம் அனுப்பும் முன்...

பாலவாக்கத்தில் கம்ப்யூட்டர் ஆர்வமுள்ள நண்பர்கள் நாங்கள், படிக்கும் புத்தகங்களை ஒருவருக்கொருவர் பரிந்துரைப்பது வழக்கம். நான் இப்போது படிப்பது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. எங்கள் ஈ.சி.ஆர். சாலையில் நேரே போனால் வரும் மாமல்லபுரமும் அதன் கதைக்களங்களில் ஒன்று. அவசியம் படியுங்கள்.

ஃபைலாகவே அனுப்புவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. உரிமை: இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. கல்கியின் நூல்கள் 1999-லேயே நாட்டுடைமையாகி விட்டன; தாராளமாகக் காப்பி செய்யலாம். இன்று எழுதுபவரின் நாவலை ஸ்கேன் செய்து அனுப்பினால், அவருக்குச் சேர வேண்டிய பணம் போகும். அதற்குத் தலைப்பையும் பதிப்பகத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

2. ஃபார்மட்: பி.டி.எஃப். ஃபைலில் பக்க அமைப்பு மாறாது. மொபைல் திரையில் எழுத்து பொடியாகத் தெரியும். இபப் ஃபைலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப அமையும். நாவலுக்கு இதுவே வசதி.

3. எழுத்துரு: 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய ஃபைல்கள் சில டிஸ்கி முறையில் உள்ளன. அதற்கான எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத குறிகளே தெரியும். யூனிகோடு பதிப்பையே எடுங்கள்.

அனுப்பும் முன் உங்கள் மொபைலில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் நண்பருக்கும் பெரும்பாலும் தெரியும்.