பழைய டீசல் காரில் டர்போ பழுது: காரணம் தேடும் அறிவியல்

மாணவர்களே, கெலாங் பாத்தாவிலிருந்து தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திற்கோ இரண்டாவது இணைப்புப் பாலத்திற்கோ செல்லும் சாலைகளில் டீசல் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. கொள்கலன் லோரிகளோடு, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய டீசல் கார்களும் பிக்-அப் வண்டிகளும் போகின்றன. அவற்றுள் சில, மேட்டில் ஏறும்போது கரும்புகை கக்கித் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது அப்போது வழக்கமாகக் கேட்கும் பேச்சு.

புதிய டர்போவுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகலாம். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்த பிறகு, எரிபொருளை வீணாக்கும் வண்டியும் குடும்பத்திற்குப் பெரும் சுமைதான். எனவே கெட்டது டர்போதானா என்று முதலில் கண்டறிய வேண்டும். அதற்கு உங்கள் அறிவியல் பாடமே கைகொடுக்கும்.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, வீணாகப் போகும் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. அந்தப் புகை ஒரு சிறு விசையாழியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள காற்றமுக்கிச் சக்கரமும் சேர்ந்து சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி இந்த எண்ணத்திற்கு 1905இல் காப்புரிமை பெற்றார்.

காற்று மிகுந்தால் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்கலாம். எவ்வளவு மிகும்? படிவம் 4 இயற்பியலில் வரும் வளிம விதிகளின்படி, காற்றின் அடர்த்தி அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்திலும் மாறும். வெளிக்காற்று 100 கிலோபாஸ்கல், 30 டிகிரி செல்சியஸ் (303 கெல்வின்) என்று கொள்வோம். டர்போ அதை 200 கிலோபாஸ்கலுக்கு அழுத்தும்போது வெப்பநிலை 120 டிகிரிக்கு (393 கெல்வின்) ஏறுகிறது என்போம்.

அடர்த்தி = 2 × 303 ÷ 393 = சுமார் 1.54 மடங்கு.

இன்டர்கூலர் அக்காற்றை 60 டிகிரிக்கு (333 கெல்வின்) குளிர்வித்தால்:

அடர்த்தி = 2 × 303 ÷ 333 = சுமார் 1.82 மடங்கு.

ஆக, எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று டர்போவை மட்டும் நம்பியில்லை. காற்று வடிகட்டி, ரப்பர்க் குழாய்கள், இன்டர்கூலர் ஆகிய எல்லாமே சரியாக இருக்க வேண்டும்.

புகையின் நிறம் சொல்வது

கரும்புகை: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, எரியாத கரி வெளியேறுகிறது. காற்றுக் கசிவு, அடைத்த வடிகட்டி, பழுதான டீசல் தெளிப்பான் ஆகியவை காரணமாகலாம்.

நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது. அது டர்போ வழியாகவும் வரலாம். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் வழியாகவும் வரலாம்.

வெண்புகை: எரியாத டீசலோ, எரியறைக்குள் கசியும் குளிர்விப்பு நீரோ காரணமாகலாம்.

புகை ஒரு தடயம் மட்டுமே. தடயத்திலிருந்து கருதுகோள், கருதுகோளிலிருந்து சோதனை என்று போக வேண்டும்.

எளியதிலிருந்து தொடங்குவோம்

1. காற்று வடிகட்டியைப் பார்ப்பது. தூசி அடைத்திருந்தால் மாற்றினாலே போதும்.

2. குழாய்களைச் சோதிப்பது. எண்ணெயும் வெப்பமும் பட்ட ரப்பர் நாளடைவில் வெடிக்கும். வேகம் கூட்டும்போது "உஸ்" என்ற ஓசை வந்தால் கசிவை ஐயுறலாம். பட்டறையில், எஞ்சின் நின்றிருக்கையில் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவுவார்கள். குமிழி வரும் இடமே கசியும் இடம்.

3. கட்டுப்படுத்தும் கருவியைச் சோதிப்பது. அழுத்தம் எல்லை மீறாமல் காக்க டர்போவில் ஒரு சிறு தண்டு அசையும். பல டீசல் கார்களில் அதை அசைப்பது வெற்றிடம். கைப்பம்பால் வெற்றிடம் தந்தும் தண்டு அசையாவிட்டால், உதரவிதானம் கிழிந்திருக்கலாம் அல்லது உள்ளிருக்கும் தகடுகள் கரி படிந்து சிக்கியிருக்கலாம். கைப்பம்பில் நன்றாக அசைந்து, ஓட்டத்தில் மட்டும் அசையாவிட்டால், மெல்லிய வெற்றிடக் குழாயையோ வால்வையோ ஐயுற வேண்டும்.

4. கடைசியாக டர்போத் தண்டு. எஞ்சின் ஆறிய பின், காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மெல்ல அசைப்பார்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பே. ஓட்டத்தில் அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்பும். ஆனால் சக்கரம் உறையில் உரசினாலோ, முன்னும் பின்னும் தெளிவாக நகர்ந்தாலோ, இதழ்கள் உடைந்திருந்தாலோ டர்போ கெட்டுவிட்டது என்று பொருள்.

புதிய டர்போவும் ஏன் கெடுகிறது?

டர்போத் தண்டு நிமிடத்திற்கு 1 இலட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது எண்ணெய்ப் படலம்தான். பட்டறையில் "மின்யாக் ஹித்தாம்" என்று சொல்லும் எஞ்சின் எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால், அது கருகிப் படிந்து, எண்ணெய் வரும் மெல்லிய குழாயை அடைக்கும். தண்டு உலர்ந்து தேயும். குழாயைத் துப்புரவாக்காமல் புது டர்போ பொருத்தினால், அதுவும் அதே காரணத்தால் கெடும். எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்தாலோ, நல்ல டர்போவிலிருந்தும் எண்ணெய் கசிந்து நீலப்புகை வரும். கெட்டதை மாற்றுவது பாதி வேலை. கெடுத்ததைக் களைவதே மீதி.

எச்சரிக்கை

டர்போவிலிருந்து எண்ணெய் மிகுதியாகக் கசிந்து எஞ்சினுக்குள் போனால், அந்த எண்ணெயையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; அழுத்தத்தால் சூடான காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால் அருகில் நிற்காமல் விலகுங்கள். மேற்கண்ட சோதனைகளையும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுங்கள். அவரிடம் சரியான கேள்வி கேட்பது உங்கள் பங்கு: "எதைச் சோதித்தீர்கள்? டர்போ கெட்டதற்குக் காரணம் என்ன?"

சிந்தித்து விடை காண்க

1. கசிவால் அழுத்தம் 150 கிலோபாஸ்கலாகக் குறைகிறது; காற்றின் வெப்பநிலை 60 டிகிரி. அடர்த்தி வெளிக்காற்றைப்போல் எத்தனை மடங்கு?

2. ஒரு கார் கரும்புகை விடுகிறது. வேகம் கூட்டினால் "உஸ்" ஓசை வருகிறது. எஞ்சின் எண்ணெய் குறையவில்லை. முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? ஏன்?

விடைகள்: 1. 1.5 × 303 ÷ 333 = சுமார் 1.36 மடங்கு. 2. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காற்றுக் குழாய்களை. ஓசை கசிவைக் காட்டுகிறது; எண்ணெய் குறையாததால் டர்போ வழியே எண்ணெய் கசிய வாய்ப்புக் குறைவு.