எழுத்துக்கு முன் செவி: சிறுவர் நூலகப் பணியும் தொடக்க எழுத்தறிவும்

நம் நாட்டில் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பையே அதன் தொடக்கமாகக் கொள்கிறோம். தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நாம் நிறையவே பேசியும் எழுதியும் வந்துள்ளோம். ஆனால், முதலாம் ஆண்டுக்குச் செல்லும் முன்னரே ஒரு குழந்தை தமிழ் நூலை எங்கே பார்க்கிறது, யார் வாயிலாகக் கேட்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. காஜாங்கில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் பணியாற்றும் முன்னாள் மாணவி என்ற முறையில், அதைப் பற்றிச் சிலவற்றை இங்கே பகிர விரும்புகிறேன்.

நூலகர் என்றால் "சத்தம் போடாதீர்கள்" என்று சொல்பவர் என்பதே பலருடைய எண்ணம். என் பணியோ சத்தம் போடுவதுதான். சனிக்கிழமை காலையில் பாய் விரித்து, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் படக்கதை நூல்களைத் தமிழில் வாய்விட்டு வாசிப்பேன். முதன்முறை வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எழுத்து சொல்லிக் கொடுப்பீங்களா டீச்சர்?" இல்லை என்பேன். சிலர் மறுவாரம் வருவதில்லை.

அவர்கள் கேட்பதில் தவறில்லை. தமிழில் 247 எழுத்துகள். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்று கணக்கிடுகிறார்கள். எழுத்துகளை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையால் ஒரு வரியைப் பொருளுணர்ந்து வாசிக்க முடியாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் நம் எழுத்து முறையிலும் இருக்கிறது, பேச்சு வழக்கிலும் இருக்கிறது.

'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாயில் முதலில் வருவது ககர ஒலி. 'கொ' என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கடல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் இருக்கிறது. மூன்றிலும் ஒலி வேறு. இந்த வேறுபாட்டை எழுத்து காட்டாது. 'தங்கம்' என்ற சொல்லைக் காதால் அறிந்த குழந்தைதான் அதைச் சரியாக ஒலிக்கும். சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடக் குழந்தைகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய எழுத்து முறையைக் கற்பது ஆங்கில நெடுங்கணக்கைப் போல ஓராண்டில் முடிவதன்று, சில ஆண்டுகள் நீள்வது என்று காட்டியுள்ளார். கன்னடம்போல் கூட்டெழுத்துகள் நமக்கு இல்லாததால் நம் பாடு சற்று எளிது. ஆயினும் அந்த ஆண்டுகளைக் கடக்கும் பொறுமை ஒரு குழந்தைக்கு எங்கிருந்து வரும்? நூலுக்குள் கதை இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் வரும்.

அடுத்தது இரட்டை வழக்கு. மொழியியல் பாடம் எடுத்தவர்களுக்கு இது புதிதன்று. வீட்டில் "கொரங்கு மரத்துல ஏறுச்சு" என்று கேட்ட குழந்தை, நூலில் "குரங்கு மரத்தில் ஏறியது" என்று காண்கிறது. காஜாங் குழந்தைக்குக் குரங்கு 'மோஞெட்' ஆகவோ 'மங்கி' ஆகவோ இருக்கவும் கூடும். ஆக, முதலாம் ஆண்டில் அது ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: எழுத்தைக் கற்கிறது, கேட்டறியாத ஒரு தமிழையும் கற்கிறது. இரண்டாவதை முன்கூட்டியே காதுக்குப் பழக்கிவிடலாம். அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாராவது வாசித்துக் காட்டினால் போதும்.

நான் வாசிக்கும்போது நூலில் உள்ளபடியே வாசிப்பேன். பிறகு பேச்சுத் தமிழில் கேட்பேன்: "குரங்கு ஏன் மேல போச்சு? அடுத்து என்ன ஆகும்?" குழந்தைகள் எந்த வழக்கில், எந்த மொழி கலந்து பதில் சொன்னாலும் திருத்துவதில்லை, அவர்கள் சொன்னதையே நல்ல தமிழில் ஒரு முறை திருப்பிச் சொல்வேன். இது என் கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர்க்கு இவ்வகை உரையாடல் வாசிப்பைக் கற்றுக்கொடுத்தனர். ஒரே மாதத்தில் அக்குழந்தைகள் மொழித்திறனில் மற்றவர்களை முந்தினர். ஒன்பது மாதங்கள் கழித்தும் அந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

எங்கள் பாயில் அமரும் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை அழைத்து வருபவர் அவள் பாட்டி. இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களிலேயே வணிக நோக்கில் ரப்பர் பயிரிடப்பட்ட ஊர் இது. நம் மூத்தோர் பலரைப் போல அந்தப் பாட்டியும் தோட்டத்தில் வளர்ந்தவர். முதல் நாள், "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் வெளியிலே உக்காந்துக்கறேன்" என்றார்.

"படம் பார்த்துச் சொல்லுங்க பாட்டி, அது போதும்" என்று ஒரு நூலைக் கையில் கொடுத்தேன்.

அவர் சொன்ன கதை, நூலில் இருந்த கதையே அன்று. அதைவிட நன்றாக இருந்தது. இப்போது வாரந்தோறும் நூலின் கதையை நான் வாசிக்க, படத்தின் கதையை அவர் சொல்கிறார். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அச்சிறுமி நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தன் பொம்மைக்கு 'வாசித்து'க் கொண்டிருந்தாள். "முயல் ஓடியது. முயல் ஒளிந்துகொண்டது." அவள் பேசும்போது 'ஓடுச்சு' என்றுதான் சொல்வாள். நூலைக் கையில் எடுத்ததும் அவள் தமிழ் மாறிவிட்டது. ஓர் எழுத்துகூட அவளுக்கு அப்போது தெரியாது.

இனி, நூல்களைப் பற்றி. நன்கொடையாக வரும் பெட்டிகளில் பெரும்பாலும் பழைய தீபாவளி மலர்களும் யு.பி.எஸ்.ஆர். பயிற்சி நூல்களும்தாம் இருக்கும். அத்தேர்வே 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது! எப்போதாவது நல்ல பழைய சிறுவர் கதை நூல் கிடைக்கும். தமிழகத்தில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சானது என்றால் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை வடிவில் இருக்கும். இன்றைய குழந்தைக்குப் புரியாது. அவற்றை நான் வாசித்துக் காட்டுவதற்கென்று தனியே வைத்துக்கொள்கிறேன். கேட்கும் காதுக்குப் பழைய எழுத்தென்ன, புதிய எழுத்தென்ன?

உண்மையான கவலை அலமாரியில் இருக்கிறது. இரவல் போகாத நூல் காலப்போக்கில் கழிக்கப்படும். எந்த நூலகத்திலும் இடம் அளவானது. நம் பெற்றோர் பலர், பிள்ளை கிழித்துவிடுமோ என்ற அச்சத்தில் நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்வதில்லை. அங்கேயே படித்துவிட்டு, நல்ல பழக்கமாக, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கணக்கில் அந்நூல் யாரும் தொடாத நூலாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ச் சிறுவர் நூல்களின் மூன்று அடுக்குகளை ஒன்றாகச் சுருக்கும் பேச்சு எழுந்தது. "படித்த நூலை அடுக்கில் வைக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள்" என்று அன்றுமுதல் சொல்லத் தொடங்கினேன். மூடும் நேரத்தில் மேசையில் கிடப்பவற்றைப் பதிவு செய்த பிறகே அடுக்குகிறோம். தமிழ்ப் படக்கதை நூல்கள் பல மெலிந்தவை, கம்பி தைத்தவை. முதுகில் பெயர் அச்சிட இடமிராது. தடித்த நூல்களுக்கிடையே செருகினால் காணாமல் போய்விடும். படிக்கத் தெரியாத வாசகருக்கு அட்டைப்படம்தானே முகவரி? ஆகவே அட்டை தெரியும்படி நிறுத்தினோம். மூன்று அடுக்குகளில் இரண்டு தப்பின.

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்ட எஸ். ஆர். இரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைத் தேடித்தருவதும் நூலகரின் கடமை என்றார். அதன் பொருள் அந்த மேசையருகில்தான் எனக்கு விளங்கிற்று.

புதிய நூல்களுக்கு வழியுண்டு. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழ்ப் படக்கதை நூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள தமிழ்க் கதைகளைப் பொது உரிமத்தின்படி நாமே அச்சிட்டுப் பயன்படுத்தலாம். அவற்றில் ஆட்டோவும் மாட்டுவண்டியும் வரும். ரம்புத்தானும் சத்தேயும் வரா. நம் ஊர்க் குழந்தைகளுக்கான கதைகளை எழுத, படம் வரைய இந்த இதழைப் படிக்கும் உங்களில் சிலரால் நிச்சயம் முடியும்.

எழுத முடியாதவர்கள் வாசிக்க வரலாம். பாங்கியிலிருந்தோ செமினியிலிருந்தோ காஜாங் அதிகத் தொலைவில்லை. பத்து நிமிடக் கதை ஒன்றை முதல் நாள் இரவே இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள். நூலை உங்கள் பக்கம் திருப்பாமல் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கழுத்து வலிக்கும், பழகிவிடும். புரியாத சொல்லுக்கு உடனே மலாயிலோ ஆங்கிலத்திலோ பொருள் சொல்ல வேண்டாம், படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஆண் மாணவர்கள் வந்தால் கூடுதல் மகிழ்ச்சி. எங்கள் கரடிக்குப் பல மாதங்களாக என் குரல்தான். குழந்தைகளே நம்ப மறுக்கிறார்கள்.