நாலணா வைத்தால் நாதம் கூடுமா?

பரணிலிருந்து அப்பாவின் எல்.பி. தட்டுகளை இறக்கித் துடைத்தாயிற்று. டர்ன்டேபிளும் வாங்கியாயிற்று. பாட்டு வருகிறது, ஆனால் எதிர்பார்த்த சுகம் இல்லை. உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி அந்தக் காலத்துப் பெட்டி பிளேயருக்குப் பொருந்தியவை. மீதி, யாரும் அளந்து பார்க்காமல் சொன்னவை. நாம் அளந்து பார்ப்போம்.

நம்பிக்கை: ஊசி துள்ளினால் அதன் தலைமேல் ஒரு நாணயம் வைத்தால் போதும்.

உண்மை: பழைய பெட்டி பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டிகள்) கனமாக அழுத்தியே ஓடியவை. இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்குப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் போதும். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ-க்கு நிர்ணயித்த அளவு 2 கிராம், 1.8-க்குக் கீழும் 2.2-க்கு மேலும் போகக்கூடாது. பழைய நாலணாவோ ஏறத்தாழ இரண்டரை கிராம். அதை வைத்தால் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஊசியும் தேயும், தட்டும் தேயும்.

பாரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் தட்டுக்கு நல்லது என்பதும் தவறு. போதிய பாரமில்லாத ஊசி, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பள்ளத்தின் சுவர்களில் மோதித் தாவும். அப்படி விழுந்த காயம் ஆறாது.

முதலில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து, தட்டு சுழலும் மேடையைச் சமமாக்குங்கள். பிறகு கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் கையின் பின்பக்க எடையைத் திருகி, தராசுக்கோல் போலக் கை சமமாக மிதக்கும்படி செய்யுங்கள். அந்த நிலையில் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தேவையான கிராமுக்கு எடையைத் திருப்புங்கள். ஊசி எடை பார்க்கவென்றே விற்கும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: கடைசிப் பாட்டு கரகரத்தால் தட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மை: தேய்மானமாக இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊசியின் கோணத்தை. 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்வட்டத்தில் அது 21 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால், ஊசி கொஞ்சம் கோணினாலும் கரகரப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

கை ஒரு முனையைப் பற்றிக்கொண்டு வில்போல வளைந்து நகர்வதால், ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேர்கோட்டில் நிற்பது இரண்டே இடங்களில்தான். பரவலாகப் பின்பற்றப்படும் பேர்வால்ட் கணக்கில் அவை மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் வருகின்றன. இவ்விரு புள்ளிகளும் அச்சிட்ட புரொட்ராக்டர் தாளை மேடையில் வைத்து, இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை அதன் திருகுகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். தாளை வீட்டில் அச்சடித்தால், அளவு சுருங்கவில்லையா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: ஆன்டி-ஸ்கேட்டிங்கைப் பள்ளமில்லாத வழவழப்பான தட்டில் வைத்துச் சரிசெய்யலாம்.

உண்மை: பள்ளத்தில் உரசும்போது எழும் இழுவைதான் கையை மையத்தை நோக்கி இழுக்கிறது; அதை ஈடுகட்டுவதே ஆன்டி-ஸ்கேட்டிங்கின் வேலை. வழவழப்பான பரப்பில் அந்த உராய்வின் அளவே வேறு. ஊசியின் பாரம் எத்தனை கிராமோ அதே எண்ணில் தொடங்குங்கள். உரத்த இடங்களில் வலது ஸ்பீக்கர் மட்டும் பிசிறடித்தால் சற்றுக் கூட்டுங்கள்.

நம்பிக்கை: அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

உண்மை: டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், நம் 50 ஹெர்ட்ஸை அங்குள்ள 60 ஆக்காது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழலும் ஏசி மோட்டார் கொண்ட மாதிரிகள் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட மூன்று கட்டையில் பாடுவார்! டிசி மோட்டார், குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் தாளிலும் இதே பொறி உண்டு. 33⅓ வேகத்துக்கு அமெரிக்கத் தாளில் 216 கோடுகள், நமக்கு 180. சரியான தாளாகவே இருந்தாலும், துடிக்காத எல்இடி விளக்கின் கீழ் அது பயன்படாது. எளிய வழி ஒன்று இருக்கிறது. மேடையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் நூறு சுற்று வந்தால் வேகம் சரி.

நம்பிக்கை: வேகத்தை மாற்றினால் போதும், பாகவதர் காலத்து 78 தட்டும் அதே ஊசியில் பாடும்.

உண்மை: எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கித் தூசியைத்தான் பாடவைக்கும். இன்னொன்று: அவை அரக்கால் ஆன தட்டுகள். ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும்.

ரசமட்டம், ஊசித் தராசு, புரொட்ராக்டர் தாள்: இவ்வளவுதான் கருவிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் புதிய கார்ட்ரிட்ஜுக்குப் பணம் எடுங்கள்.