தந்தையின் நகரும் மகனின் நகரும்

ஜார்ஜ்டவுன் பினாங்கு மாநிலத்தின் தலைநகரம். அடிலெய்டு தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரம். இவ்விரண்டுக்கும் இடையே ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உள்ளது. ஒன்று, ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் நிறைந்த தீவு நகரம். மற்றொன்று, நான்கு பருவங்களைக் கொண்ட, மழை குறைந்த சமவெளி நகரம். ஆயினும், 1973ஆம் ஆண்டு முதல் இவை சகோதர நகரங்களாக விளங்குகின்றன. கல்வி, பண்பாடு, வணிகம் முதலிய துறைகளில் நட்புறவை வளர்க்க ஒப்பந்தம் செய்துகொண்ட இரு நகரங்களையே சகோதர நகரங்கள் என்கிறோம்.

இந்த இரு நகரங்களின் உறவு ஒப்பந்தத்திற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1786ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனை நிறுவியவர் பிரான்சிஸ் லைட். அதே ஆண்டில் அவருக்கும் மார்ட்டினா ரோசெல்ஸ் என்பவருக்கும் பிறந்த மகன்தான் வில்லியம் லைட். ஆறு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட வில்லியம், தம் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. 1794ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் காலமானார். தந்தையின் முகத்தைச் சிறு வயதோடு பிரிந்த அந்த மகனே, பிற்காலத்தில் அடிலெய்டு நகரை வடிவமைத்தார்.

அடிலெய்டுக்குச் செல்லும் பயணி முதலில் காண வேண்டிய இடம் மாண்டிபியோர் குன்று. அங்கே வில்லியம் லைட்டின் சிலை, கையை நீட்டி நகரைச் சுட்டிக்காட்டியபடி நிற்கிறது. அந்தக் கை காட்டும் திசையில் பார்த்தால், அடிலெய்டு விளையாட்டரங்கமும் டாரன்ஸ் ஆறும் அதற்கு அப்பால் நகரின் உயர்ந்த கட்டடங்களும் தெரியும். நகரைச் சுற்றிலும் பச்சை வளையம் போன்ற பூங்கா நிலங்களும் கண்ணில் படும்.

அந்தப் பச்சை வளையமே இந்நகரின் தனிச்சிறப்பு. தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளராக 1836ஆம் ஆண்டு வந்து சேர்ந்த வில்லியம் லைட், தலைநகருக்கு ஏற்ற இடத்தைத் தேடினார். நல்ல நீரும் மேடான நிலமும் உள்ள இடத்தைக் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தேர்ந்தெடுத்தார். ஆளுநர் ஹிண்ட்மார்ஷோ, நகரம் துறைமுகத்திற்கு அருகில் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1837ஆம் ஆண்டு குடியேறிகளின் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் லைட்டின் முடிவையே ஆதரித்தனர்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நகரின் நில அளவைப் பணி முடிந்தது. நேரான அகன்ற சாலைகள், நடுவே ஒரு பெரிய சதுக்கம், அதைச் சுற்றி நான்கு சிறிய சதுக்கங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்த பூங்கா நிலங்கள் என அவர் வரைந்த அமைப்பை இன்றும் தெளிவாகக் காணலாம். 2008ஆம் ஆண்டு அந்நகர அமைப்பும் பூங்கா நிலங்களும் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில்தான் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டது. தந்தை அமைத்த லைட் சாலை, பந்தாய் சாலை, சூலியா சாலை ஆகியவையும் அந்த மரபுடைமைப் பகுதியில் அடங்கும். இவற்றுள் சூலியா சாலை, தமிழகக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்களின் பெயரைத் தாங்கியது.

குன்றிலிருந்து இறங்கி ஆற்றைக் கடந்தால் வடக்கு நிழற்சாலையை அடையலாம். அருங்காட்சியகம், ஓவியக்கூடம், மாநில நூலகம், 1874ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் ஆகியவை அச்சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1950களிலிருந்து கொழும்புத் திட்டத்தின்கீழ் மலாயாவிலிருந்து மாணவர்கள் பலர் இந்நகருக்கு வந்து கல்வி பயின்றனர். சாலையின் கிழக்கு முனையில் உள்ள தாவரவியல் பூங்கா 1857ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பசி எடுத்தால் நடுச் சந்தைக்குச் செல்லலாம். 1869ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இச்சந்தையில் பழங்கள், காய்கறிகள், பாலாடைக்கட்டி, மீன் என எல்லாம் கிடைக்கும். அருகிலுள்ள உணவுக் கடைகளில் ஒரு கிண்ணம் லக்சாவையும் சுவைக்கலாம். அருகில் உள்ள விக்டோரியா சதுக்கத்திலிருந்து டிராம் வண்டியில் ஏறினால், அரை மணி நேரத்திற்குள் கிளெனெல்க் கடற்கரையை அடையலாம். 1836ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவின் குடியேற்ற அரசு முறையாக அறிவிக்கப்பட்டது அந்தக் கடற்கரைப் பகுதியில்தான்.

ஆனால், அந்நாளுக்கு முன்பு அந்த நிலம் ஆளின்றிக் கிடக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அச்சமவெளியில் வாழ்ந்துவந்தவர்கள் கார்னா மக்கள். அவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் தங்கள் நிலத்தில் வாழவும் அதை அனுபவிக்கவும் உள்ள உரிமையைப் பாதுகாக்க வேண்டும் என்று 1836ஆம் ஆண்டின் அரச ஆணை கூறியது. நடைமுறையில் அந்த ஆணை மதிக்கப்படவில்லை. நிலம் அளக்கப்பட்டு விற்கப்பட்டது. காலப்போக்கில் கார்னா மொழியின் அன்றாடப் பேச்சும் நின்றுபோனது.

ஜார்ஜ்டவுனின் தொடக்கத்திலும் இப்படி ஒரு நிறைவேறாத வாக்குறுதி உண்டு. பகைவர்களிடமிருந்து தமக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் கெடா சுல்தான் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர்களுக்கு இடமளித்தார். தீவு கைமாறியது, பாதுகாப்பு வரவில்லை. 1791ஆம் ஆண்டு தீவை மீட்கச் சுல்தான் எடுத்த முயற்சியும் தோல்வியில் முடிந்தது. இரு நகரங்களுக்கும் உள்ள ஒற்றுமை சாலைகளின் அமைப்போடு நின்றுவிடவில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இன்று அடிலெய்டு மாநகர மன்றம் தன் சதுக்கங்களுக்கும் பூங்காக்களுக்கும் ஆங்கிலப் பெயரோடு கார்னா பெயரையும் சூட்டியுள்ளது. விக்டோரியா சதுக்கம் தார்ந்தன்யங்கா என்றும், டாரன்ஸ் ஆறு கரவிர்ரா பரி என்றும் அழைக்கப்படுகின்றன. 1840ஆம் ஆண்டளவில் ஜெர்மானியச் சமயப் பணியாளர்கள் இருவர் எழுதிவைத்த சொல் தொகுப்பையும் இலக்கணக் குறிப்புகளையும் துணையாகக் கொண்டு, கார்னா மக்கள் தங்கள் மொழியை மீண்டும் கற்று வருகின்றனர். எழுத்தில் பதிவான சொற்கள், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மௌனத்தைக் கடந்து மறுபடியும் குழந்தைகளின் நாவில் ஒலிக்கின்றன. தாய்மொழியைக் கற்கும் எந்த மாணவருக்கும் இச்செய்தி மனத்தில் பதியக்கூடியது.

பயணத்தின் நிறைவாகக் காண வேண்டிய இடம் லைட் சதுக்கம். வில்லியம் லைட் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அதிகாரிகளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அவர் 1838ஆம் ஆண்டு பதவி விலகினார். மறு ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய குடிசை தீப்பற்றி எரிந்தது. பல ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்பேடுகளும் அழிந்தன. காசநோயால் நலிந்த அவர், 1839ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் தமது 53ஆம் வயதில் இறந்தார். தாம் தேர்ந்தெடுத்த இடம் சரியா, தவறா என்பதை வருங்காலத் தலைமுறையே முடிவு செய்யட்டும் என்று அவர் எழுதியிருந்தார். கல்லறை மீதுள்ள நினைவுத்தூணின் உச்சியில் மன்னரின் முடியோ வாளோ இல்லை. நில அளவைக் கருவி ஒன்றுதான் அமைந்துள்ளது.

பினாங்கு திரும்பும் பயணி கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ள பிரான்சிஸ் லைட்டின் சிலையை இனிப் புதிய கண்களோடு பார்ப்பார். அச்சிலையைச் செய்தபோது பிரான்சிஸ் லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை என்றும், அதனால் மகனின் முகச்சாயலை வைத்தே அதை வடித்தனர் என்றும் கூறப்படுகிறது. ஆறு வயதில் தந்தையைப் பிரிந்த மகனின் முகம், அந்தத் தந்தையின் நகரில், தந்தையின் பெயரோடு இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.